கேளுங்க சொல்றேன்: ஹெல்ப்னு கூப்பிட்டா பதில் வரலையா?

இந்த இதழுக்கு வந்த கேள்விகள்ல நிறைய ஒரே இடத்தையே சுத்துது, ப்ரோக்ராமிங் லாங்குவேஜ் கூடவே வர்ற ஹெல்ப் வேலை செய்யலங்கறதுதான் அது. அதனால இந்த தடவை வேற எதையும் எடுக்கல, மொத்த பக்கமும் இதுக்கே.

கேள்வி: அண்ணா, பைத்தான் இப்பதான் கத்துக்கிறேன். ஸ்ட்ரிங் பத்தி ஹெல்ப் கேட்டா பக்கம் பக்கமா வருது, ஆனா வெளிய வரவே முடியல. கன்ட்ரோல் சி அடிச்சாலும் அசையாது, ஒவ்வொரு தடவையும் விண்டோவையே மூடிட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்கிறேன். இஃப் பத்தி கேட்டா சின்டாக்ஸ் எரர்னு வருது. அன்இன்ஸ்டால் பண்ணிட்டு திரும்ப போடணுமா? (முதல் வருஷ மாணவர்)

பதில்: வேண்டவே வேண்டாம் தம்பி, உங்க இன்ஸ்டால்ல ஒரு குறையும் இல்ல. நீங்க மாட்டிக்கிட்டு நிக்கிற அந்த பக்கத்தை காட்டுறது பைத்தானே கிடையாது. பைத்தான் ஹெல்ப் டெக்ஸ்ட்டை தயார் பண்ணி பேஜர்னு இன்னொரு ப்ரோக்ராம் கையில குடுத்துட்டு ஒதுங்கிடும், லினக்ஸ்லயும் மேக்லயும் அது பெரும்பாலும் லெஸ், விண்டோஸ்ல மோர். திரையோட கடைசி வரியில பெரும்பாலும் தனியா ஒரு முக்காற்புள்ளி மின்னிட்டு இருக்கும் பாருங்க, இல்லன்னா எண்ட்னு இருக்கும், அது தெரிஞ்சா நீங்க லெஸ்குள்ள இருக்கீங்கன்னு அர்த்தம். க்யூ எழுத்தை ஒரு தடவை தட்டுங்க, போதும், என்டர் கூட வேண்டாம், நேரா பைத்தானுக்கே வந்துடுவீங்க. ஸ்பேஸ் அடிச்சா அடுத்த பக்கம், லெஸ்ல பி அடிச்சா முந்தின பக்கம், சாய்கோடு போட்டு ஒரு வார்த்தையை அடிச்சு என்டர் தட்டினா அந்த வார்த்தை இருக்கிற இடத்துக்கே கொண்டு போயிடும். ஸ்ட்ரிங் மாதிரி பெரிய பக்கத்துல இந்த தேடல் தெரியாம ஸ்க்ரோல் பண்ணிட்டே இருந்தா பாதி நாள் போயிடும்.

இஃப் விஷயம் வேற. இஃப்ங்கறது பைத்தானோட இலக்கணத்துல சேர்ந்த வார்த்தை, அதை அப்படியே அடைப்புக்குறிக்குள்ள வெச்சா பைத்தான் ஏதோ இஃப் வாக்கியம் பாதியில நிக்குதுன்னு நினைச்சு எரர் குடுக்குது. கொட்டேஷனுக்குள்ள வெச்சு குடுங்க, வந்துடும். ஃபார், க்ளாஸ், வைல் எல்லாத்துக்கும் இதே வழிதான். இல்லன்னா அடைப்புக்குறிக்குள்ள எதுவும் இல்லாம ஹெல்ப்னு மட்டும் கூப்பிட்டீங்கன்னா தனியா ஒரு ஹெல்ப் ப்ராம்ப்ட் வரும், அங்க கொட்டேஷன் இல்லாமலே கேக்கலாம், க்விட்னு அடிச்சா வெளிய வந்துடலாம்.

இன்னொண்ணும் சொல்லிடறேன், எல்லா ஹெல்ப்பும் ஒரே இடத்துல இருக்கிறதில்ல. ஃபங்ஷனுக்கு வர்ற விளக்கம் அந்த ஃபங்ஷன் கூடவே டாக்ஸ்ட்ரிங்கா, அதாவது கோடுக்குள்ளயே எழுதி வெச்ச குறிப்பா ஒட்டிக்கிட்டு இருக்கு, இஃப் ஃபார் மாதிரி தலைப்புகளோட விளக்கம் பைடாக் டேட்டாங்கற தனி ஃபோல்டர்ல இருக்கு. அளவை குறைக்க வெட்டி சுருக்கின இன்ஸ்டால்ல அந்த ஃபோல்டர் இல்லாம போனா தலைப்புகள் மட்டும் வராது, ஃபங்ஷன் ஹெல்ப் ஜோரா வரும். அதே மாதிரி பைத்தானை மைனஸ் ஓ ஓ போட்டு ஓட்டினாலோ, பைத்தான் ஆப்டிமைஸ்ங்கற என்விரான்மென்ட் வேரியபிள்ல (சிஸ்டம்ல வெக்கிற ஒரு செட்டிங்) 2ன்னு யாராவது வெச்சிருந்தாலோ டாக்ஸ்ட்ரிங் எல்லாம் கழட்டி விட்டுடும், அப்ப லென் மாதிரி சி-ல எழுதின ஃபங்ஷனுக்கு விளக்கம் வரும், பைத்தான்லயே எழுதின ஜேசன் மாட்யூல் ஃபங்ஷனுக்கு வெறும் பேரும் ஆர்க்யுமென்ட்டும்தான் நிக்கும். எது வருது எது வரலன்னு இப்படி பிரிச்சு பார்த்தாலே காரணம் கையில கிடைச்ச மாதிரிதான்.

கேள்வி: ரேண்டம் மாட்யூலுக்கு ஹெல்ப் கேட்டா நான் போன வாரம் எழுதின நம்பர் கண்டுபிடிக்கிற கேம் ஓட ஆரம்பிக்குது! பயமா இருக்கு, வைரஸா அண்ணா? (பள்ளி மாணவி)

பதில்: வைரஸ் எல்லாம் இல்லமா, பயப்படாதீங்க. அந்த கேமை சேவ் பண்ணும்போது ஃபைலுக்கு ரேண்டம்னே பேர் வெச்சுட்டீங்க, அவ்வளவுதான். பைத்தான் ஒரு மாட்யூலை தேடும்போது முதல்ல நீங்க நிக்கிற ஃபோல்டர்லதான் எட்டிப் பாக்கும், அங்கயே அந்த பேர்ல ஒண்ணு கிடைச்சா தன்னோட சொந்த ரேண்டமை தேடி போகவே போகாது. ஹெல்ப் காட்டணும்னா மாட்யூலை உள்ள இழுத்தாகணும், இழுக்கும்போது அதுல இருக்கிற கோடு ஓடும், அதனாலதான் கேம் கிளம்புது. இந்த மாதிரி சந்தேகம் வந்தா ஹெல்ப் பக்கத்தோட கடைசிக்கு போய் பாருங்க, ஃபைல்னு ஒரு தலைப்பு இருக்கும், அதுக்கு கீழ இந்த விளக்கம் எந்த ஃபைல்லேர்ந்து வந்துச்சுன்னு முழு பாதையும் இருக்கும். அங்க உங்க ஃபோல்டர் பேர் இருந்தா திருடன் வீட்டுக்குள்ளயே இருக்கான்னு அர்த்தம். ஃபைல் பேரை மாத்திட்டு பைத்தானை மூடி திறங்க. டர்டில், ஸ்ட்ரிங், ஜேசன், ஈமெயில்னு எல்லாம் ஃபைலுக்கு பேர் வைக்காதீங்க, அத்தனையும் பைத்தான்ல ஏற்கனவே இருக்கிற பேர்.

கேள்வி: ஆர் லாங்குவேஜ்ல ஆராய்ச்சி டேட்டா அலசிட்டு இருக்கேன் சார். நேத்து வரைக்கும் ஒழுங்கா வந்த ஹெல்ப், ஒரு பேக்கேஜை அப்டேட் பண்ணதுலேர்ந்து லேஸி-லோட் டேட்டாபேஸ் கரப்ட்னு சொல்லுது. ஆய்வறிக்கை குடுக்கிற நேரம், டிஸ்க் போயிடுச்சோன்னு தூக்கமே இல்ல. (ஆய்வு மாணவர்)

பதில்: கரப்ட்ங்கற வார்த்தைதான் உங்கள இப்படி கலங்கடிச்சிருக்கு, டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகல. நடந்தது என்னன்னு சொல்றேன். ஆர்ல ஒவ்வொரு பேக்கேஜுக்குள்ளயும் ஹெல்ப்னு ஒரு ஃபோல்டர் இருக்கு, அதுல எல்லா பக்கமும் சுருக்கி ஒரே ஆர்டிபி ஃபைலா இருக்கும், எந்த பக்கம் எந்த இடத்துலேர்ந்து ஆரம்பிக்குதுன்னு குறிச்சு வெச்ச அட்டவணை ஆர்டிஎக்ஸ்னு பக்கத்துலயே இருக்கும். இதுல படிச்சதை ஆர் அந்த செஷன் முடியற வரைக்கும் மனப்பாடமா வெச்சுக்கும். நீங்க செஷன் திறந்திருக்கும்போதே அப்டேட் பண்ணிட்டீங்க, டிஸ்க்ல இருக்கிறது புதுசு, மனசுல இருக்கிறது பழசு. ஒரு பதிப்போட பக்க எண்ணை வெச்சுக்கிட்டு வேற பதிப்பை புரட்டினா ஏதோ ஒரு வரி நடுவுல போய் விழுவோம் இல்லையா, அங்க அதுக்கு எதுவும் புரியல, அதைத்தான் கரப்ட்னு சொல்லுது. வேலையை சேவ் பண்ணிட்டு ஆரை முழுசா மூடி திறங்க. ரெண்டு செஷன் ஓடிட்டு இருந்தா ரெண்டையும் மூடுங்க, இதை நிறைய பேர் மறந்துடறாங்க. அதுக்கப்புறமும் அதே எரர் வந்தா மட்டும் அந்த ஒரு பேக்கேஜை திரும்ப போடுங்க, அதுவும் வேற எதுவும் லோட் பண்ணாத புது செஷன்ல.

ஆர் பத்தி பேசும்போதே ரெண்டு விஷயம் சேர்த்துக்கிறேன். ஒத்தை கேள்விக்குறி போட்டா லைப்ரரி குடுத்து லோட் பண்ண பேக்கேஜ்லதான் தேடும், இன்ஸ்டால் ஆகி சும்மா கிடக்கிறதுல தேடாது, அதனால டாக்குமென்டேஷன் இல்லன்னு வந்தா முதல்ல பேக்கேஜை லோட் பண்ணுங்க இல்லன்னா ரெட்டை கேள்விக்குறி போடுங்க. இன்னொண்ணு, ப்ரவுசர்ல திறக்கிற ஹெல்ப்புக்கு நெட் தேவையில்ல, ஆரே உங்க கம்ப்யூட்டருக்குள்ள ஒரு சின்ன சர்வரை 127.0.0.1ங்கற முகவரியில ஓட்டுது. ஆரை மூடினா சர்வரும் போச்சு, அடுத்த தடவை போர்ட் எண் வேறயா வரும், அதனாலதான் புக்மார்க் பண்ணி வெச்ச ஹெல்ப் பக்கம் மறுநாள் திறக்க மாட்டேங்குது. ப்ராக்ஸியோ ஃபயர்வாலோ அந்த முகவரியை தடுத்தா ஆப்ஷன்ஸ்ல ஹெல்ப் டைப்பை டெக்ஸ்ட்னு மாத்திடுங்க, ப்ரவுசரே இல்லாம அந்த விண்டோவுலயே படிக்கலாம்.

கேள்வி: கன்டெய்னர்ல (தனியா பிரிச்சு ஓட்டுற சின்ன லினக்ஸ்) ரூபி லாங்குவேஜ் போட்டேன், அதோட ஹெல்ப் கமாண்டான ஆர்ஐ-ல அர்ரேன்னு கேட்டா எதுவும் தெரியாதுன்னு சொல்லுது. பெர்ல் லாங்குவேஜ் ஹெல்ப்பான பெர்ல்டாக்கும் இல்ல. மேனுவல் பக்கம் காட்டுற மேன் கமாண்ட்ல மேன் பிரிண்ட்எஃப் அடிச்சா சி ஃபங்ஷனுக்கு பதிலா ஷெல் கமாண்ட் வருது. (வேலைக்கு சேர்ந்து 6 மாசம் ஆன டெவலப்பர்)

பதில்: இங்க நிஜமாவே டாக்குமென்டேஷன் இல்ல. கன்டெய்னர் இமேஜை சின்னதாக்க முதல்ல கை வைக்கிறதே இதுலதான். டெபியன், உபுண்டுல பெர்ல்டாக்னு அடிச்சா பெர்ல்-டாக் பேக்கேஜை போடுங்கன்னு அதுவே சொல்லும், ரூபிக்கு ஆர்ஐன்னே தனி பேக்கேஜ் இருக்கு. சோர்ஸ்லேர்ந்து கட்டின ரூபியா இருந்தா டிஸேபிள்-இன்ஸ்டால்-டாக்னு ஒரு ஆப்ஷனோட கட்டியிருப்பாங்க, அது இல்லாம திரும்ப கட்டணும். ஜெம்களோட (ரூபிக்கு தனியா போடுற பேக்கேஜ்) ஹெல்ப் மட்டும் வரலன்னா ஹோம் ஃபோல்டர்ல ஜெம்ஆர்சி ஃபைலை திறந்து பாருங்க, நோ-டாக்குமென்ட்னு ஒரு வரி இருக்கும், எடுத்துட்டு ஜெம் ஆர்டாக் கமாண்டை ஆல், ஆர்ஐ ஆப்ஷனோட ஓட்டுங்க. சி ஃபங்ஷனுக்கு மேன் 3 பிரிண்ட்எஃப்னு நடுவுல 3 போட்டு அடிக்கணும், 1ல ஷெல் கமாண்ட், 3ல சி லைப்ரரி ஃபங்ஷன். அப்படியும் வரலன்னா மேன்பேஜஸ்-டெவ் பேக்கேஜ் போடுங்க. போட்ட பிறகும் பக்கம் காணோம்னா பேக்கேஜை இன்ஸ்டால் பண்ற டீபேக்கேஜ் (dpkg) செட்டிங்லயே மேன் ஃபோல்டரை ஒதுக்கி வைக்க சொல்லி எழுதியிருப்பாங்க, உபுண்டுவா இருந்தா அன்மினிமைஸ்னு ஒரு கமாண்ட் இதுக்குன்னே இருக்கு.

கேள்வி: பவர்ஷெல்ல கெட்-ஹெல்ப் குடுத்தா பேரும் சின்டாக்ஸும்தான் வருது, ஒரு உதாரணம் கூட இல்ல. அப்டேட்-ஹெல்ப் அடிச்சா சிவப்பு சிவப்பா எரர். (சிஸ்டம் அட்மின்)

பதில்: 2012ல வந்த பவர்ஷெல் 3.0லேர்ந்து ஹெல்ப் ஃபைலை கூட வெச்சு குடுக்கிறத நிறுத்திட்டாங்க, நாமதான் இறக்கிக்கணும். விண்டோஸோட வர்ற 5.1ல அட்மினிஸ்ட்ரேட்டரா திறந்து அப்டேட்-ஹெல்ப் ஓட்டணும், புது 7ல உங்க அக்கவுன்ட்டுக்கு மட்டும் இறக்கிக்கலாம், ஆனா ரெண்டுக்கும் ஹெல்ப் தனித்தனி, ஒண்ணுல இறக்கினது இன்னொண்ணுல வராது. எரர்ல கல்ச்சர்னு ஒரு வார்த்தை தெரிஞ்சா விண்டோஸ் மொழி செட்டிங்தான் காரணம், அந்த மொழியில ஹெல்ப் கேட்டு போய் கிடைக்காம திரும்பி வருது, யூஐகல்ச்சர்னு ஆப்ஷன் போட்டு ஈஎன்-யூஎஸ்னு குடுங்க. ஒரு நாள்ல ஒரு தடவைதான் இறக்கும், திரும்ப வேணும்னா ஃபோர்ஸ் சேர்க்கணும். இதுக்கப்புறமும் சில மாட்யூலுக்கு எரர் வரும், அதுங்களுக்கு இறக்கிக்கிற ஹெல்ப்பே இல்ல, விட்டுடுங்க. நெட் இல்லாத சர்வருக்கு நெட் இருக்கிற மெஷின்ல சேவ்-ஹெல்ப் போட்டு எடுத்துட்டு போகலாம்.

கேள்வி: நெட்ல தேடினா 2 செகண்ட்ல கிடைக்குது, எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்?

பதில்: நெட்ல கிடைக்கிறது எந்த வெர்ஷனுக்கு எழுதினதுன்னு பாதி இடத்துல இருக்காது. உங்க மெஷின்ல இருக்கிற ஹெல்ப் உங்க மெஷின்ல இருக்கிற அதே வெர்ஷனுக்கு எழுதினது. நேத்து சேர்த்த ஆர்க்யுமென்ட் உங்க கிட்ட இருக்கா இல்லையான்னு அதுதான் சரியா சொல்லும். நெட் இல்லாத லேப்ல, பரீட்சை ஹால்ல, வெளி நெட்டே இல்லாத சர்வர்ல உக்காந்து வேலை பார்த்தவங்களுக்கு இதோட அருமை தெரியும், நான் இதை மனசார சொல்றேன்.

கேள்வி: விண்டோஸ்ல சிஎச்எம் ஃபைலா (முழு ஹெல்ப்பும் ஒரே ஃபைல்ல இருக்கிற வகை) வந்த ஹெல்ப்பை திறந்தா இடது பக்கம் தலைப்பு எல்லாம் இருக்கு, வலது பக்கம் வெறும் வெள்ளையா இருக்கு. ஃபைல் உடைஞ்சு இறங்கியிருக்கா?

பதில்: இறங்கினதுல தப்பு இல்ல. நெட்லேர்ந்து வந்த ஃபைலுக்கு விண்டோஸ் ரகசியமா ஒரு குறி போட்டு வைக்கும், அந்த குறி இருந்தா சிஎச்எம்குள்ள இருக்கிற பக்கங்களை காட்டாது, அட்டவணையை மட்டும் காட்டும். ஃபைல் மேல ரைட் க்ளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ் போங்க, ஜெனரல் டேப்ல கடைசியில அன்ப்ளாக்னு இருக்கும், டிக் பண்ணி ஓகே குடுத்துட்டு திரும்ப திறங்க. ஜிப்பா இறக்கினா பிரிக்கறதுக்கு முன்னாடியே ஜிப்பை அன்ப்ளாக் பண்ணிடுங்க, உள்ள இருக்கிற ஒவ்வொண்ணையும் தனித்தனியா பண்ற வேலை மிச்சம். நெட்வொர்க் டிரைவ்ல இருந்தாலும் இதே வெள்ளைப் பக்கம்தான் வரும், உங்க டிஸ்க்குக்கு காப்பி பண்ணி திறங்க. இது ரெண்டும் இல்லன்னா ஃபோல்டர் பேரை ஒவ்வொரு எழுத்தா பாருங்க. பாதையில எங்கயாவது # குறி இருந்தா சிஎச்எம் திறக்காது, சி# படிக்கிறவங்க ஃபோல்டருக்கும் அதே பேரை வெச்சு அதுக்குள்ள ஹெல்ப்பை போட்டு வெச்சிருப்பாங்க, அதுதான் நடக்குது. ஃபோல்டர் பேர்ல # எடுத்துட்டு ஷார்ப்னு எழுத்துல எழுதிடுங்க, திறந்துடும்.