சுழியோடிவிட்டு அன்றைக்கே பிளேன் ஏறலாமா?

கேள்வி: அண்ணா குடும்பத்தோடு கனடாவிலிருந்து வந்து நிலாவெளியில் நிற்கிறார். கடைசி நாள் காலையில், அங்கே கரைக்கு எதிரே இருக்கும் புறாமலைத் தீவடியில் இரண்டு தரம் ஸ்கூபா சுழியோடிவிட்டு, இரவே கட்டுநாயக்கவில் பிளேன் ஏறப் போகிறாராம். பிரச்சினை இல்லையே?
- வாசகி, உப்புவெளி

பதில்: பிரச்சினைதான் தங்கச்சி, இன்றைக்கே சொல்லிவிடுங்கள். சிலிண்டருக்குள் ஒட்சிசன் மட்டும் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள், வழக்கமாக அதில் அடைப்பது நாம் மூச்சுவிடும் இதே காற்றைத்தான், அதில் ஐந்தில் நாலு பங்கு நைதரசன். 10 மீற்றர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு, 18 மீற்றரில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு, அந்த அழுத்தத்தில் நைதரசன் இரத்தத்திலும் தசையிலும் கரைந்து தங்கிவிடும். வள்ளத்தில் ஏறியவுடனே எல்லாம் வெளியே போய்விடாது, மணிக்கணக்காகும். அதற்குள் பிளேனில் ஏறினால், அங்கே அழுத்தம் ஏறக்குறைய 2,000 மீற்றர் உயர மலையில் இருப்பதுபோல் குறைவு, மிச்சமிருக்கும் வாயு உடம்புக்குள்ளேயே குமிழாகிவிடும். மூட்டு வலியும் விறைப்பும் வரலாம், கடுமையானால் கால் இரண்டும் இயங்காமலே போகலாம்.

ஒரேயொரு தரம் இறங்கியவர் குறைந்தது 12 மணித்தியாலமாவது பொறுக்க வேண்டும், பல தரமென்றால் 18. நான் முழுதாக ஒரு நாளை விடச் சொல்வேன். பிளேனை மட்டும் யோசித்தால் போதாது, காலையில் சுழியோடிவிட்டு மத்தியானமே நுவரெலியாவுக்கு வான் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள், அதுவும் 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிற ஊர். கடைசி நாளைக் கோணேசர் கோயிலுக்கும் கன்னியா வெந்நீரூற்றுக்கும் வைத்துக்கொள்ளட்டும். சுழியோடிய பிறகு மூட்டு வலித்தால் பனடோல் போட்டுப் படுக்காமல், ஆஸ்பத்திரிக்குப் போய் முதல் வேலையாக "கடலில் இறங்கினேன்" என்று சொல்ல வேண்டும்.

கேள்வி: எனக்கு நீச்சல் தெரியாது, சுறா என்றாலும் பயம். புறாமலையில் இறங்கலாமா?
- வாசகர், கிண்ணியா

பதில்: பயிற்றுநர் கூடவே இருந்து 12 மீற்றருக்கு மேற்படாமல் கூட்டிப் போகும் முதல் அனுபவத்துக்கு நீச்சல் கட்டாயமில்லை. சான்றிதழ் வேண்டுமென்றால் 200 மீற்றர் நீந்தவும் 10 நிமிடம் மிதக்கவும் தெரிய வேண்டும். ஆஸ்துமா, காது ஒப்பரேஷன் எதையும் படிவத்தில் மறைக்காதீர்கள். உள்ளே மூச்சை அடக்கவே கூடாது. செட்டை நுனி கறுத்த அந்தச் சுறாக்கள் ஆளைக் கண்டாலே விலகிப் போகிற சாதி, துரத்தாமல் விட்டால் சரி. எனக்குக் கவலை முருகைக்கல்லைப் பற்றித்தான், களைத்தவுடன் அதன்மேல் ஏறி நிற்கிறார்கள், ஒரு மிதியில் உடைந்தது திரும்ப வளர வருடக்கணக்காகும்.

கேள்வி: சுவாமி மலைக்குக் கீழே கடலுக்குள் பழைய கோயில் கிடப்பது உண்மையா?
- மாணவன், மூதூர்

பதில்: உண்மை தம்பி. சுவாமி மலைமேல் இருந்த பழைய கோணேசர் கோயிலை 1622இல் போர்த்துக்கேயர் இடித்தார்கள். 1956இல் படப்பிடிப்பாளர் மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அந்த மலையடியில் சுழியோடியபோது செதுக்கிய தூண்களைக் கண்டார்கள். சோழகக் காலத்தில், மே முதல் செப்டம்பர் வரை, நம் பக்கக் கடல் அமைதியாகத் தெளிந்திருக்கும், அப்போது போனால் பார்க்கலாம். வாடை தொடங்கிவிட்டால் யார் கூப்பிட்டாலும் இறங்க வேண்டாம்.