பழைய ஃபைலை டேஸுக்கு மாற்றலாமா?

கேள்வி: சின்ன அச்சகம் வைத்திருக்கிறேன். 2003 முதல் செய்த புத்தகங்கள் எல்லாம் டாம் என்ற பழைய முறை எழுத்துருவில், பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் கிடக்கின்றன. ‘யூனிகோடு தமிழுக்கு ஒத்துவராது, டேஸ்-16தான் சரி, அரசே ஏற்றது. பக்கத்துக்கு இவ்வளவு என்று மாற்றித் தருகிறேன்’ என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். யூனிகோடுக்கே மாற்றுங்கள். யூனிகோடு என்பது உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை; டேஸ் தமிழுக்கு மட்டும் உருவாக்கியது.

அவர் சொன்னதில் பாதி நிஜம், அதுதான் வம்பு. டேஸில் ‘கொ’ ஒரே குறியீடு. யூனிகோடில் இரண்டு, ‘க்’ கூட இரண்டு. அகரவரிசைப்படுத்த, எழுத்து எண்ண டேஸ்தான் சுலபம். யூனிகோடு தமிழோ 1988-ல் வந்த இஸ்கியை, அதாவது இந்திய மொழிகளுக்கான பொதுக் குறியீட்டைப் பார்த்துப் போட்டது. இந்திக்குப் போட்ட வரிசையிலேயே நம்மையும் உட்கார வைத்ததால், ‘க’வுக்கும் ‘ங’வுக்கும் நடுவே மூன்று நாற்காலி இன்றும் காலி. எனக்கும் எரிச்சல்தான்.

ஆனால் உங்கள் வாடிக்கையாளரின் செல்போனுக்கும் இணையத் தேடலுக்கும் தெரிந்தது யூனிகோடு மட்டுமே. டேஸ் இருப்பது, யார் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும் என்று யூனிகோடு விட்டுவைத்த புறம்போக்கில். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கட்டங்கள்தான் தெரியும். தமிழக அரசின் 2010 அரசாணையும் முதலில் சொல்வது யூனிகோடைத்தான். அது ஓடாத மென்பொருளுக்கு மாற்றாகவே டேஸ். விற்க வருபவர் இந்த முன்பாதியை விழுங்கிவிடுவார்.

‘யூனிகோடில் கொரிய எழுத்துக்கு மட்டும் இடம் மாற்றிக் கொடுத்தார்களே, தமிழுக்கு ஏன் கூடாது?’ என்று அடுத்து கேட்பார். கொடுத்தார்கள், 1996-ல். பழைய 6,656 அசையெழுத்துகளை எடுத்துவிட்டு, 11,172 எழுத்துகளை வேறு இடத்தில் வைத்தார்கள். பழைய இடத்துக்குப் பிறகு சீன எழுத்துகள் குடிவந்தன. அன்றைய கொரியக் கோப்பை அப்படியே இன்று திறந்தால் சீனம்தான் தெரியும். அப்போது அதில் எழுதியிருந்தவர்கள் கொஞ்சம் பேர் என்பதால் தப்பித்தார்கள். ஒருமுறை வைத்த எழுத்தை நகர்த்துவதில்லை, எடுப்பதில்லை என்ற விதி அதற்குப் பிறகு வந்ததுதான். இன்று தமிழை நகர்த்தினால் இதுவரை எழுதிய அத்தனையும் உடையும். திட்டம் எத்தனை அழகாக இருந்தாலும் அதற்கு எவரும் சம்மதிக்க மாட்டார்கள்.

பக்கக் கணக்கில் காசு வாங்குபவர்களிடம் ஜாக்கிரதை. மொத்தமாக ஒரு கன்வெர்ட்டரில் போட்டுக் கையில் கொடுப்பார்கள். நடுவில் இருந்த ஆங்கிலச் சொற்களும் தமிழாக மாறிப் பிதற்றலாகியிருக்கும். ‘ஔவையார்’ என்று தேடினால் வராது. அந்தக் காலத்தில் ‘ஒ’வும் ‘ள’வும் தட்டி ஒப்பேற்றியது அப்படியே வந்திருக்கும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. துணைக்காலுக்கு (‘ா’) மேல் புள்ளி வைத்து ‘ர்’ ஆக்கியதும் இதே கதைதான். பத்துப் பக்கம் நீங்களே மாற்றி, இந்த மூன்றையும் தேடிப் பாருங்கள். திருத்திய பிறகு மீதியைத் தொடுங்கள்.

மூலக் கோப்புகளையும் அந்த எழுத்துருவையும் மட்டும் அழிக்காதீர்கள். போன வருடம் ஓர் அலுவலகத்துக்கு யூனிகோடில் அனுப்பிய கோப்பை, ‘எங்களுக்குப் பழைய ஃபான்ட்தான் வேண்டும்’ என்று எனக்கே திருப்பி அனுப்பினார்கள்.