எந்தக் கட்டத்தில் ஆலோசகரை நாடுவது?

கேள்வி: எங்களுக்குத் திருமணமாகி 9 ஆண்டுகள் ஆகின்றன. நாங்கள் உரக்கச் சண்டையிடுவதில்லை. ஆனால் பணம், வீட்டுப் பொறுப்பு பற்றி நான் பேசத் தொடங்கினாலே கணவர் மௌனமாகிவிடுகிறார். இதற்காக ஆலோசகரிடம் செல்வது மிகையாகுமா?

பதில்: நிச்சயமாக இல்லை, சகோதரி. சண்டையின் சத்தத்தைக் கொண்டு உறவின் நலத்தை அளக்க முடியாது; ஒரே விஷயம் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் முட்டி நிற்பதே, இருவரால் மட்டும் அதைக் கடக்க இயலவில்லை என்பதற்குப் போதுமான அறிகுறி. தம்பதியரைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், குணத்தையே பழித்தல், இகழ்ச்சி, தற்காப்பு வாதம், பேச்சை முற்றாக மூடிக்கொள்ளுதல் ஆகிய 4 போக்குகளை உறவைச் சிதைப்பவையாகக் கண்டார். அவற்றுள் இகழ்ச்சியே மிகக் கொடியது என்றார். உங்கள் வீட்டில் இகழ்ச்சி இன்னும் நுழையவில்லை என்றால், இதுவே செல்வதற்கு நல்ல தருணம். பலர் பிரிவை முடிவுசெய்த பிறகே வருகிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

கணவரின் மௌனம் அலட்சியமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மனக்கொந்தளிப்பைத் தாங்க முடியாமலும் சிலர் ஒடுங்கிவிடுவதுண்டு. அப்போது பேச்சை 20 நிமிடங்களாவது நிறுத்தி, எப்போது தொடர்வது என்பதையும் சொல்லிவிட்டு விலகுங்கள். ஆலோசகர் யார் குற்றவாளி என்று தீர்ப்பளிப்பவர் அல்லர் என்பதைக் கணவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். அவர் மறுத்தால் நீங்கள் மட்டும் முதலில் செல்லலாம்.

ஆனால் அடி, மிரட்டல், அச்சம் இருக்குமிடத்தில் இருவரும் சேர்ந்து அமரும் ஆலோசனை பொருந்தாது. அங்கே தனியாக உதவி பெற்றுப் பாதுகாப்பை உறுதிசெய்வதே முதல் வேலை.