எல்லாருக்கும் தமிழ் தெரியுது – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

எனக்கு கோவில்பட்டி பக்கம் ஒரு கிராமம். மெக்கானிக்கல் மூணாவது வருஷம் முடிச்சிருக்கேன். பெங்களூர்ல எட்டு வாரம் இன்டர்ன்ஷிப், ஒயிட்ஃபீல்டுல பிஜியில தங்கியிருக்கேன், வந்து பத்து நாள் ஆச்சு. ஆபீஸ், ரூம், போன்னு நாள் ஓடிடுது. இந்த ரெண்டு மாசத்தை வீணாக்காம ஊரை முழுசா பார்த்துடணும். சனி ஞாயிறுக்கு எங்கெங்க போகலாம்னு ஒரு லிஸ்ட் குடுங்க சார். நந்தி ஹில்ஸ் பைக்ல போகலாமா? மொழிப் பிரச்சினை எதுவும் இல்லை, இங்க எல்லாருக்கும் தமிழ் தெரியுது.

– பெயர் வேண்டாம்

அன்புள்ள தம்பி,

லிஸ்ட்டை முதல்ல முடிச்சிடுறேன். ஞாயித்துக்கிழமை விடிஞ்சதும் லால்பாக் போ, உள்ள ஒரு பெரிய பாறை இருக்கு, முந்நூறு கோடி வருஷப் பழசு, அது மேல ஏறி கொஞ்ச நேரம் சும்மா உக்காரு. உங்க ஒயிட்ஃபீல்டுக்கு 2023லயே மெட்ரோ வந்துடுச்சு, அந்த பர்ப்பிள் லைன்ல ஏறினா எங்கயும் மாறாம எம்.ஜி. ரோடு, கப்பன் பார்க், பக்கத்துலயே சர்ச் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைங்க. சாயங்காலம் மழை வரும், குடை வச்சுக்கோ. நந்தி ஹில்ஸுக்கு ராத்திரி மூணு மணிக்கு அரைத் தூக்கத்துல வாடகை பைக் ஓட்டிட்டுப் போகாத, பஸ் இருக்கு. லிஸ்ட் அவ்வளவுதான்.

உன் கடைசி வரிதான் என்னை ரெண்டு நாளா விடல. அதே வரியை 1996ல நான் எங்கப்பாவுக்கு இன்லாண்ட் லெட்டர்ல எழுதியிருக்கேன், "இங்க எல்லாருக்கும் தமிழ் தெரியுதுப்பா, பயப்படாதீங்க"ன்னு. அப்ப 1991 டிசம்பர் காவிரிக் கலவரம் நடந்து அஞ்சு வருஷம்கூட முழுசா ஆகல, வீட்ல அனுப்பும்போதே "வெளியில வாயத் தொறக்காதடா"ன்னு சொல்லித்தான் அனுப்புனாங்க. அல்சூர்ல ஒரு தமிழ்க் குடும்பத்து மாடியில ரூம். 1809ல வெள்ளைக்காரன் கன்டோன்மென்ட் போட்ட காலத்துல இருந்து நம்ம ஆளுங்க அந்தப் பக்கம் இருக்காங்க, மளிகைக்கடையில இருந்து கோயில் வரைக்கும் தமிழ்தான். ஏரிக்கரையில வள்ளுவர் சிலையை மூடி வச்சிருந்தாங்க, தினம் அதைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போவேன். (18 வருஷம் அப்படியே கிடந்து 2009 ஆகஸ்ட் 9ல தான் திறந்தாங்க, நாலு நாள் கழிச்சு சென்னை அயனாவரத்துல கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலையைத் திறந்தாங்க.)

பீன்யாவுல ஒரு சின்ன மெஷின் ஷாப்ல எனக்கு ட்ரெயினிங். எனக்கு அடுத்த லேத்துல ஒரு பெரியவர், மண்டியாக்காரர். காவிரித் தண்ணியில விவசாயம் பண்ற குடும்பம், ஆனா என்கிட்ட ஒரு நாள் அந்தப் பேச்சை எடுத்ததில்ல. மத்தியானம் ராகி முத்தெய, அதான் நம்ம கேழ்வரகுக் களி உருண்டை, எடுத்து வச்சுட்டு "ஊட்டா ஆய்த்தா?"ன்னு கேப்பாரு, நான் முழிச்சா உடனே "சாப்ட்டியா?"ன்னு தமிழ்ல கேப்பாரு. எனக்காக அம்பது வயசுல அந்த மனுஷன் தமிழைப் பொறுக்கிப் பொறுக்கிப் பேசினாரு. எனக்கு இருபது வயசு, ஒரு வார்த்தை கத்துக்கல.

எல்லாருக்கும் தமிழ் தெரியுதுன்னு சொல்றியே, அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு யோசிச்சியா? யாரோ ஒருத்தர் சிரமப்பட்டுக் கத்துக்கிட்டதால வந்தது அது. நீ கத்துக்கிட்டது என்ன? இத்தனைக்கும் கன்னடம் உனக்குப் பாதி தெரியும், தெரியும்னுதான் தெரியல. நம்ம சொல்லோட முதல்ல வர்ற 'ப' அங்க பெரும்பாலும் 'ஹ' ஆயிடும். பால் ஹாலு, பல் ஹல்லு, பூ ஹூவு, பத்து ஹத்து, புலி ஹுலி, பேரு ஹெசரு. பழைய கன்னடத்துல பாலுக்கு 'பால்'னுதான் இருந்துச்சு, பின்னாடி மாறினது. நம்ம 'வ' அங்க 'ப', இங்கிலீஷ் b சத்தத்துல. வா பா, வேணும் பேகு, வேண்டாம் பேடா, வெயில் பிசிலு. பெண்ணெ தோசை சாப்பிட்டிருப்ப, அது வெண்ணெய் தோசை. அல்சூரை அவங்க ஹலசூருன்னு சொல்றாங்க, ஹலசுன்னா பலா, நான் ரெண்டு மாசம் பலா மரத்தோட பேர் வச்ச ஊர்ல குடியிருந்திருக்கேன், அதுவே எனக்குப் பல வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுறேன்னா, ட்ரெயினிங் முடிய ஒரு வாரம் இருக்கும்போது ஒரு காலையில நான் சக்குல ஷாஃப்ட்டை மாட்டிட்டு வெர்னியர் வச்சு அளந்துட்டிருந்தேன், அந்தப் பெரியவர் ஆபீஸ் ரூம்ல போன் பேசிட்டு நேரா என்கிட்ட வந்தாரு. என்னமோ சொன்னாரு, முழுக்க கன்னடம். துக்கத்துல மனுஷனுக்கு அடுத்தவன் மொழி வராது. எனக்கு "அம்மா"ன்னு மட்டும் புரிஞ்சது. ஊர்ல இருந்து அவங்கம்மா வந்திருக்காங்க போலன்னு நினைச்சு நான் சிரிச்சேன் தம்பி, சிரிச்சுக்கிட்டே "சரிண்ணே"ன்னேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாரு, பஞ்சு வேஸ்ட்ல கையைத் துடைச்சாரு, லீவு சொல்லப் போயிட்டாரு. நான் கிளம்புற வரைக்கும் அவர் திரும்பி வரல.

அவர் சொன்னது "அம்மா ஹோக்பிட்ரு". இப்ப நீயே மாத்திப் பாரு. ஹோ – போ. பிட்ரு – விட்டாரு. போய்விட்டார். எல்லாமே நம்ம வார்த்தை, எனக்கு எட்டலை, ஏன்னா 'எல்லாருக்கும் தமிழ் தெரியுது'ன்னு ரெண்டு மாசம் காதை மூடி வச்சிருந்தேன்.

உனக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கு. இன்டர்ன்ஷிப் வேலையாகுமா இல்லையாங்கறதெல்லாம் உன் மேனேஜர் பாடு. நாளைக்குக் காலையில ஆபீஸ் பக்கத்துல தர்ஷினின்னு நின்னுக்கிட்டே சாப்பிடுற சின்ன ஹோட்டல் இருக்கும், அங்க நின்னு "ஒந்து காபி கொடி"ன்னு கேளு. தப்பா வந்தா திருத்துவாங்க, கோவிச்சுக்க மாட்டாங்க. கூட்டம் குறைஞ்சதும் காபி ஆத்துறவர்கிட்ட "நிம்ம ஹெசரேனு?"ன்னு கேளு. அவர் என்ன பேரு சொன்னாருன்னு எனக்கு எழுது.

அன்புடன்
அண்ணன்