குழந்தைகளுக்கு அக்யூட் லுகேமியா, அதாவது வேகமாக முற்றும் ரத்தப் புற்றுநோய், எதனால் வருகிறது? பெற்றோர் செய்த தவறு ஏதாவது காரணமா?

பின்பாதிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இல்லை. என் மகளுக்கு நாலரை வயதில் அதில் ஒரு வகையான ஏ.எல்.எல். வந்தது. இப்போது பிளஸ் டூ படிக்கிறாள்.

வார்டுக்குப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஆளுக்கொரு காரணமும் கொண்டுவந்தார்கள். பிராய்லர் கோழி, எதிர்மாடி செல்போன் டவர், தடுப்பூசி. "கிரகணத்தன்னிக்கு வெளிய போனியேம்மா" என்றார் மாமியார். என் பங்குக்கு நானும் ஒன்று வைத்திருந்தேன். மாசமாக இருந்தபோது குமட்டுகிறதென்று இரும்புச்சத்து மாத்திரையைப் பாதி நாள் துளசித் தொட்டியில் புதைத்தேன். ரவுண்ட்ஸில் டாக்டரிடம் அதைச் சொன்னதும் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடிவிட்டார். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா."

பிறகு அவர் சொன்னதுதான் இது. ரத்தம் உருவாகும் எலும்பு மஜ்ஜையில் செல்கள் பெருகும்போது மரபணுவில் தற்செயலாகப் பிழை விழுகிறது. பல குழந்தைகளுக்கு முதல் பிழை கருவிலேயே விழுந்துவிடுகிறது. பிறந்ததும் குதிகாலில் குத்தி அட்டையில் காயவைத்த ரத்தத்துளியை, நோய் வந்தபின் தேடியெடுத்துப் பார்த்தே இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆனால் அந்த ஒரு பிழை போதாது. ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்ந்த இரட்டையரில் ஒன்றிடமிருந்து மற்றதற்கு பிழை விழுந்த அந்த செல் போய்ச் சேர்ந்தாலும், பெரும்பாலும் ஒரு குழந்தைக்குத்தான் நோய் வருகிறது. பிறந்தபின் இன்னொரு பிழையும் விழ வேண்டும்.

உறுதியான காரணங்களும் உண்டு. ஹிரோஷிமாவில் 1945இல் குண்டு விழுந்தபோது சடாகோ சசாகிக்கு 2 வயது. 1955இல் லுகேமியாவில் இறந்தாள். அந்த அளவு கதிர்வீச்சோடு ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயை ஒப்பிடவே முடியாது. பெரியவர்களுக்கு வரும் இன்னொரு வகையான ஏ.எம்.எல்.லுக்கு பென்சீனும் சிகரெட்டும் காரணமாகலாம். வேறொரு புற்றுநோய்க்கு எடுத்த கீமோவே சில வருடம் கழித்து இதைக் கொண்டுவருவதும் உண்டு. எனக்குக் கேட்கவே கொடுமையாக இருந்தது அதுதான். டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்கு ஆபத்து 10 முதல் 20 மடங்கு அதிகம். ஆனால் வார்டில் இருக்கும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இதில் எதுவுமே இருக்காது. என் மகளுக்கும் இல்லை.

எங்கள் தெருவில் ஒருத்தி, ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து ஆறு மாதம் தன் பையனை எங்கள் வீட்டுக்கு அனுப்பவில்லை. இது ஒட்டாது. கவுண்ட், அதாவது கிருமியை எதிர்க்கும் வெள்ளையணுக்களின் எண்ணிக்கை, இறங்கிக் கிடந்த அந்த நாட்களில் அவன் மூக்குச் சளியைப் பார்த்துப் பயப்பட வேண்டியவர்கள் நாங்கள்தான்.