பழைய அலமாரியில் சாமி வைக்கலாமா?

கேள்வி: அக்கா, சிங்கப்பூர் ஈசூனில் மூவறை வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறோம். பழைய இரண்டு கதவு அலமாரி ஒன்றைக் கரோசெல் செயலியில் 40 வெள்ளிக்கு வாங்கினேன். அதைச் சாமி அலமாரியாக மாற்ற ஆசை. "யார் வீட்டுச் சாமானோ, அதில் சாமியை வைப்பதா?" என்கிறார் மாமியார். என்ன செய்யட்டும்?
- வாசகி, ஈசூன்

பதில்: தாராளமாக வையுங்கள் தங்கச்சி. என் வீட்டுச் சாமியும் பழைய அலமாரியில்தான் இருக்கிறார். 1996இல் அங் மோ கியோவில் எங்கள் புளோக்கை விட்டுப் போன ஒரு சீனப் பாட்டி, தன் பாத்திர அலமாரியை எனக்குக் கொடுத்தார். என் மாமியாரும் முதலில் முகம் சுளித்தார். தேய்த்துத் துடைத்து முடித்ததும், மஞ்சள் குங்குமம் வைக்க அவரையே கூப்பிட்டேன். அதன்பிறகு அது அவருடைய அலமாரி ஆகிவிட்டது.

முதலில் அது என்ன மரம் என்று பாருங்கள். மேற்பரப்பில் ஓடும் ரேகை விளிம்பிலும் தொடர்ந்தால் முழு மரம். கீல் திருகாணியைக் கழற்றிப் பாருங்கள். துளைக்குள் தூளை அழுத்திச் செய்த பலகை தெரிந்தால் அது சிப்போர்டு. தண்ணீர் பட்டால் உப்பிவிடும் என்பதால், தினமும் தீர்த்தமும் ஈரப்பூவும் வைக்கும் இடத்துக்கு உதவாது. துணி வைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

டார்ச் அடித்து இடுக்குகளையும் பாருங்கள். ஒருமுறை 15 வெள்ளிக்கு வாங்கிய மெத்தை முக்காலியின் அடித்துணியைப் பிரித்துப் பார்க்காமல் உள்ளே கொண்டுவந்தேன். மூட்டைப்பூச்சியோடு இரண்டு மாதம் பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை.

முழு மரம்தானா? சரி, 120ஆம் எண் உப்புத்தாளால் ரேகை போகும் திசையிலேயே தேய்த்து, 240இல் முடியுங்கள். மூக்கில் முகக்கவசம் இருக்கட்டும். பழைய பெயின்ட் பூசியிருந்தால் ஈயம் இருக்கலாம். அதை உலர்வாகத் தேய்க்காதீர்கள். வேலை முடியும்வரை அலமாரியைப் புளோக்கின் பொதுத் தாழ்வாரத்தில் வைப்பதானால் ஆட்கள் நடக்க 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும். தேக்காக இருந்தால் வார்னிஷுக்கு முன் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள். தேக்கின் எண்ணெய்ப் பசையில் வார்னிஷ் சரியாகப் பிடிக்காது.

என் அலமாரியின் பித்தளைக் கைப்பிடிகள் சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையில் பொறுக்கியவை. 2017இல் அந்தச் சந்தையை மூடியபோது எனக்கு மனசே ஆறவில்லை.

விளக்கு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். அலமாரிக்கு உள்ளே ஏற்றவே வேண்டாம். நான் அப்படி ஏற்றி, ஆறே மாதத்தில் மேல் பலகை கரிந்துபோனது. அப்புறம் ஒரு கதவைக் கழற்றி அறுத்து, முன்னால் இழுக்கிற பலகையாக்கி, அதன்மேல் ஒரு டைல்ஸ் துண்டை ஒட்டினேன். இப்போது விளக்கு அதில்தான் எரிகிறது. தலைக்கு மேல் மரம் இல்லை. வார்னிஷ் வாடை முழுதும் போன பிறகே விளக்கேற்றுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் எனக்கு ஒரு வாரம் பிடித்தது.