மைத்துனர் வீட்டு டூர் உங்கள் கார்டில் எதற்கு?

கேள்வி: செங்கோட்டையில் ஒரு மர மில்லில் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் 34,000. மனைவி தையலில் மாதம் 14,000 சம்பாதிக்கிறார். பிள்ளைகள் ஏழாவதும் மூன்றாவதும் படிக்கிறார்கள். லீவு விட்டால் விருதுநகரில் இருக்கும் மைத்துனர் குடும்பத்தோடு வெளியூர் போவது வழக்கம். அவரிடம் கிரெடிட் கார்டு இல்லை, அதனால் எல்லாச் செலவும் என் கார்டில்தான். பொங்கலுக்கு மூணாறு 45,000, மே மாதம் ஊட்டி 60,000. இரண்டையும் 16 சதவீத வட்டியில் 12 மாத இ.எம்.ஐ. ஆக்கிவிட்டேன். பாதி அவர் தர வேண்டும், இதுவரை 10,000 தந்திருக்கிறார். இப்போது ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி வரும் மூன்று நாளுக்கு ஆலப்புழை போட் ஹவுஸ் என்கிறார். 70,000 ஆகும். ஒரு ஆப்பில் ‘வட்டியில்லா இ.எம்.ஐ.’ காட்டுகிறது. அதை எடுக்கலாமா? இல்லை, மனைவியின் செயினை 10 சதவீத வட்டிக்கு அடகு வைத்து, பழைய இ.எம்.ஐ.களை முடித்துவிட்டுக் கார்டிலேயே போடலாமா? ஊரிலேயே கிடந்தால் பிள்ளைகள் முகம் வாடிப்போகும்.

பதில்: இரண்டுமே வேண்டாம். கணக்கு எழுதுகிறவர் நீங்கள், வரவு செலவு பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்கப் போவதில்லை. ஒரே ஒரு பழக்கத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன். முந்தைய டூரின் தவணை முடியும் முன்பே அடுத்த டூரைக் கார்டில் ஏற்றுகிறீர்கள், அதுவும் இரண்டு குடும்பத்துக்குச் சேர்த்து. டூர் போவதில் தப்பே இல்லை. தப்பு இதில்தான் இருக்கிறது.

மூணாறுக்கு மாதம் சுமார் 4,080, ஊட்டிக்கு 5,440. இப்போதே 9,500 ரூபாய் போகிறது. ஆலப்புழையையும் அதே வட்டியில் சேர்த்தால் இன்னொரு 6,350. ஆக, 48,000 வருமானத்தில் கிட்டத்தட்ட 16,000, அதாவது மூன்றில் ஒரு பங்கு, முடிந்துபோன பயணங்களுக்குப் போகும். தையல் வேலை குறையும் ஒரு மாதத்தில் இந்த 16,000-ஐ எங்கிருந்து எடுப்பீர்கள்? அந்த மாதம் கார்டில் மினிமம் மட்டும் கட்டத் தொடங்கினால், மீதிக்கு வட்டி பெரும்பாலான கார்டுகளில் மாதம் 3.5 சதவீதம் அளவில் ஓடும். வருஷத்துக்கு 40 சதவீதத்தைத் தாண்டிவிடும்.

‘வட்டியில்லா’ என்ற சொல்லைப் பார்த்து ஏமாற வேண்டாம். இந்தத் திட்டங்களில் வட்டி பெரும்பாலும் விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கும், அல்லது மொத்தமாகக் கட்டினால் கிடைக்கும் தள்ளுபடி உங்களுக்குக் கிடைக்காமல் போகும். இதற்கு மேல் பிராசசிங் கட்டணம் வரும், அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. வரும். ‘இப்போது போங்கள், பிறகு கட்டுங்கள்’ என்பதும் கடன்தான், உங்கள் சிபில் கணக்கில் கடனாகவே ஏறும். ஒரு தவணை தவறினாலும் அங்கே பதிவாகும். நாளைக்கு வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போது வங்கி மேலாளர் அதைத்தான் முதலில் பார்ப்பார்.

செயின் விஷயம். உங்கள் இரண்டு இ.எம்.ஐ.களிலும் சேர்த்து அசல் பாக்கி சுமார் 74,000 இருக்கும். 16 சதவீதத்திலிருந்து 10-க்கு மாறினால், பாக்கித் தவணைக் காலம் முழுவதும் சேர்த்து மிச்சமாவது 2,000 ரூபாய்க்குள்தான். முன்கூட்டியே முடிக்கக் கட்டணம் 3 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஜி.எஸ்.டி. சேர்த்து 2,600 போய்விடும். நகையையும் வைத்து, நஷ்டமும் படுவானேன்? அதைவிடப் பெரிய ஆபத்து, கார்டு காலியானதும் ஆலப்புழை அதில் ஏறிவிடும். அடகும் இருக்கும், இ.எம்.ஐ.யும் இருக்கும். செயின் உங்கள் மனைவி கழுத்திலேயே இருக்கட்டும்.

மைத்துனர் கணக்குக்கு வருகிறேன். 1,05,000-ல் அவர் பங்கு 52,500. தந்தது போக 42,500 பாக்கி. இந்தப் பாக்கிக்கு வட்டி கட்டுவது நீங்கள், அவர் ஒரு பைசா கட்டவில்லை. மனைவி மூலமாகச் சொல்லி அனுப்பாதீர்கள், அவரைத் தர்மசங்கடத்தில் மாட்டிவிட வேண்டாம். நீங்களே போன் செய்து, “மச்சான், கார்டுத் தவணை கழுத்தை நெரிக்குது. மாசம் 3,500 போட்டுவிடுங்க, வருஷத்துல கிட்டத்தட்ட முடிஞ்சிடும்” என்று நேராகக் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் மொத்தமாகக் கேட்டால் தள்ளிப்போடுவார்கள், தவணையாகக் கேட்டால் தருவார்கள். ஆனால் உங்கள் திட்டத்தை அந்தப் பணம் வராது என்று வைத்துக்கொண்டே போடுங்கள். இனி எந்தப் பயணமானாலும் அவர் பங்கு உங்கள் கைக்கு வந்த பிறகுதான் புக்கிங்.

அதே போனில் இன்னொன்றும் சொல்லுங்கள்: “இந்தத் தடவை நீங்க எங்க ஊருக்கு வாங்க.” சாரல் அடிக்கும் ஆகஸ்டில் ஊர் உலகமெல்லாம் ரூம் போட்டுக் குற்றாலம் வருகிறது. நீங்களோ அந்த மூன்று நாளும் கடன் வாங்கி வெளியே போகப் பார்க்கிறீர்கள். பிள்ளைகள் முகம் வாடும் என்கிறீர்களே, பக்கத்திலேயே இருப்பதை நீங்கள் அவர்களுக்கு எவ்வளவு காட்டியிருக்கிறீர்கள்?

லீவு நாளில் பகல் பத்து மணிக்குப் பேரருவிப் பக்கம் தலைகாட்டவே வேண்டாம். விடியற்காலையில் ஐந்தருவிக்கோ பழைய குற்றாலத்துக்கோ போய்விடுங்கள். தண்ணீர் அதிகமாகிக் குளிக்கத் தடை போட்டிருந்தால் திரும்பி வந்துவிடலாம், வெளியூர்க்காரருக்கு அந்த வசதி கிடையாது. வரும் வழியில் கடைகளில் மங்குஸ்தான், ரம்பூட்டான் குவித்து வைத்திருப்பார்கள். மங்குஸ்தானை உள்ளங்கையில் வைத்து அழுத்தி உடைத்து, உள்ளே இருக்கும் வெள்ளைச் சுளையைப் பிள்ளைகள் எடுத்துத் தின்னட்டும். சட்டையில் கறை படும், பழைய சட்டையாகப் போட்டுவிடுங்கள்.

ஒரு நாள் ரயிலுக்கு. செங்கோட்டை–புனலூர் மலைப்பாதை 1904-ல் போட்டது, அகலப்பாதையாகி 2018-ல் முழுமையாகத் திறந்தார்கள். ஆரியங்காவு தாண்டிக் குகைகள், அப்புறம் கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலம். அன்ரிசர்வ்டில் போய்வர ஆளுக்கு நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும். மலை ஏறும்போது ரயிலின் இரண்டு முனையிலும் இன்ஜின் மாட்டியிருப்பதைச் சின்னவனிடமோ சின்னவளிடமோ காட்டுங்கள். புனலூரில் கல்லடையாற்றின் மேல் 1877-ல் முடித்த தொங்குபாலம் இருக்கிறது, நடந்து பார்க்கலாம்.

ஆகஸ்ட் 15 காலையில் கொடியேற்றம் முடிந்ததும் வாஞ்சிநாதன் நினைவிடத்துக்குக் கூட்டிப் போங்கள். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ஆஷ் துரையைச் சுட்டவர் நம் ஊர்க்காரர் என்று ஏழாவது படிக்கும் பிள்ளை பாடத்தில் படித்திருக்கலாம், இடத்தைப் பார்த்திருக்குமா? 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர் பக்கம் இருந்த கதையையும் வீட்டுப் பெரியவர்களை விட்டே சொல்லச் சொல்லுங்கள். சாயங்காலம் பண்பொழி திருமலைக் கோயில். மேலே நின்றால் தென்னந்தோப்பும் குளங்களும் வயலுமாக ஊர் முழுக்கத் தெரியும். இறங்கி வந்து பிரானூர் பார்டரில் புரோட்டாவும் நாட்டுக்கோழியும்.

ரயில், பெட்ரோல், பழம், ஒரு வேளை வெளிச் சாப்பாடு எல்லாம் சேர்த்து உங்கள் குடும்பத்துக்கு 4,000 ஆகலாம். மைத்துனர் குடும்பம் வந்து தங்கினால் மளிகைக்கும் கறிக்கும் இன்னொரு 3,000 வையுங்கள். 70,000 எங்கே, 7,000 எங்கே! இதைக் கையில் இருக்கும் காசில் செய்யலாம். விருந்துச் சமையல் முழுவதும் மனைவி தலையில் விழாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அவருக்கும் அது லீவுதான்.

ஆலப்புழைக்கு மாதம் 6,350 கட்டத் தயாராகத்தானே இருந்தீர்கள்? அந்தப் பணத்தில் 3,000-ஐ செப்டம்பரிலிருந்து தபால் நிலையச் சேமிப்புக் கணக்கில் தனியாகப் போடுங்கள். ஆர்.டி.க்கு ஐந்து வருஷம் கட்ட வேண்டும், இதற்கு அது வேண்டாம். மீதி 3,350 வேறொரு கணக்கில் அவசரத்துக்கு. ஜனவரியில் மூணாறு தவணை முடிந்ததும் அந்த 4,000-ஐயும் டூர்க் கணக்கில் சேருங்கள். ஏப்ரல் கடைசியில் 24,000-மும் 12,000-மும் சேர்ந்து 36,000 இருக்கும். உங்கள் குடும்பம் மட்டும் ஊட்டி போன செலவு 30,000-தானே? அடுத்த மே மாதம் ஆலப்புழைக்கே போய் வாருங்கள், ரொக்கமாக.

ஒரு வேலை மட்டும் இந்த வாரமே செய்துவிடுங்கள். கார்டு லிமிட் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. எவ்வளவாக இருந்தாலும் ஒரு லட்சத்துக்குக் குறைக்கச் சொல்லி வங்கியில் எழுதிக் கொடுங்கள். பழைய பாக்கி 74,000 போக 26,000-தான் மிஞ்சும், 70,000 ரூபாய் புக்கிங் அதில் ஏறாது. மைத்துனருக்கு போன் செய்வதற்கு முன்பே இதை முடித்துவிட்டால் நல்லது.